எட்டாவது தூண்

பாண்டிச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. மாலையில் அங்கே வருகிறவர்கள் தூணில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் தூணுக்குத் தூண் ஓடிப் பிடித்து விளையாடும். அப்பா அங்கே போனால் முதலில் செருப்பைக் கழற்றுவார். ஏதாவது ஒரு தூணில் உள்ளங்கையை வைத்து, "செஞ்சியிலேர்ந்து வந்திருக்கோம்" என்பார். வெளியூரில் கட்டிக்கொடுத்த தங்கையைப் பார்க்கப் போன அண்ணன் வாசலில் நின்று குரல் கொடுப்பது போல இருக்கும்.

அவை எங்கள் ஊர்த் தூண்கள். செஞ்சிக் கீழ்க்கோட்டைக்குள் முத்தியாலு நாயக்கர் கட்டிய வெங்கடரமணர் கோயிலில் நின்றவை. அந்தக் கோயிலின் கோபுர வாசலுக்குள் இரண்டு பக்கச் சுவர்களிலும் ராமாயணமும் பாற்கடல் கடைந்த கதையும் புடைப்புச் சிற்பமாக இன்னும் இருக்கின்றன. உள்ளே போகப்போகத்தான் ஏதோ குறைகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

முகலாயப் படை எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டுத்தான் 1698-இல் செஞ்சியைப் பிடித்தது. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்துவிட்டார். இதைச் சொல்லும்போது அப்பாவின் குரல் இறங்கிவிடும், ஏதோ நேற்று நடந்தது போல. 1761 ஏப்ரலில் ஆங்கிலேயரிடம் போகும்வரை ஊர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அந்தக் காலத்தில்தான் தூண்கள் பாண்டிச்சேரிக்குப் போயின. அதே 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்து நகரத்தையே இடித்துத் தள்ளினார்கள். தூண்கள் பிழைத்துக்கொண்டன. பிறகு கவர்னர் டூப்ளேவுக்கு அங்கே சிலை எழுந்தபோது அவர் பக்கத்தில் நின்றன. பிரெஞ்சுக்காரர் போனார்கள். டூப்ளே அதே கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடிக்குப் போய்விட்டார். தூண்கள் இப்போது காந்திக்குக் காவல்.

அப்பா கணக்கு வாத்தியார். சரித்திரத்தையும் கணக்காகத்தான் சொல்வார். "ஒரு கன அடி கருங்கல்லு ஏறக்குறைய 75 கிலோ. ஓரடிக்கு ஓரடி, 15 அடி ஒசரம்னு ஒரு தூண் வச்சிக்கோ. எடை என்ன?" 1,125 கிலோ என்று நாங்கள் எழுதுவோம். "பாண்டிக்கு 70 கிலோமீட்டர். வண்டி நாளைக்கு 15 கிலோமீட்டர் போனா எத்தினி நாளு?" ஐந்தாம் நாள் போய்ச் சேரும். விடை வந்த பிறகும் விடமாட்டார். மாடு எத்தனை ஜோடி மாற்ற வேண்டும், மாட்டுக்குத் தண்ணீர் எங்கே, மழை பிடித்துக்கொண்டால் வண்டி எங்கே நிற்கும், தூக்கி ஏற்றியவன் தோள் என்ன ஆகும் என்று போகும். கடைசியில் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டுவார். "நம்ம சங்கராபரணி இங்கதான் மலையில பொறந்து பாண்டிப் பக்கம் கடல்ல விழுது. தண்ணியும் அங்கதான் போவுது, கல்லும் அங்கதான் போச்சு."

அவரும் தூரம் போய் வந்தவர். 1967-இல் பம்பாயில் விமானம் ஏறி எத்தியோப்பியாவுக்குப் போனார். ஹைலே செலாசி அரசர் ஆண்ட காலம் அது. பள்ளிகளுக்கு ஆள் போதாமல் இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை நிறைய எடுத்தார்கள். வடக்கே திக்ரே மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் அப்பாவுக்கு வேலை. பிள்ளைகள் அவரை 'அஸ்தமாரி' என்று கூப்பிட்டார்களாம். அம்ஹாரிக் மொழியில் ஆசிரியர். புளித்த மாவில் பெரிய தட்டு அளவுக்கு வார்க்கும் இஞ்சிராவை, "ஆப்பத்துக்குப் பெரியப்பா" என்பார். விடுமுறையில் கோண்டாருக்குப் போய், 17-ஆம் நூற்றாண்டில் ஃபாசிலிதெஸ் மன்னர் கட்டிய கோட்டையை நாள் முழுக்கச் சுற்றினார். ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று அம்மாவுக்கு எழுதினார்.

ஆனால் அவரை அசைத்தது அக்சும். அங்கே பழைய அரசர்கள் ஒற்றைக் கல்லில் செதுக்கி நிறுத்திய பிரம்மாண்டமான நடுகற்கள் உண்டு. ஒன்று நிற்கிறது. எல்லாவற்றிலும் பெரியது விழுந்து துண்டாகிக் கிடக்கிறது. இன்னொன்று இல்லவே இல்லை. ஏறக்குறைய 24 மீட்டர் உயரம், 150 டன்னுக்கு மேல் எடை. முசோலினியின் ஆட்கள் 1937-இல் அதைத் துண்டு துண்டாகக் கப்பலேற்றிக் கொண்டுபோய் ரோமில் நிறுத்திவிட்டார்கள். 1947 ஒப்பந்தத்தில் திருப்பித் தருவதாக இத்தாலி ஒத்துக்கொண்டது. அப்பா போய்ப் பார்த்தபோது 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் வந்தபாடில்லை. உள்ளூர்ப் பையன் ஒருவன் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், வெறும் தரையைக் காட்டி, இங்கேதான் இருந்தது என்றானாம். பத்து வயதுப் பையன். கல் போனபோது அவன் பிறக்கவே இல்லை.

அதைப் பற்றி அப்பா எழுதிய ஏரோகிராமை அம்மா பத்திரமாக வைத்திருந்தார். நீல மை, நெருக்கி எழுதிய எழுத்து. "இங்கும் ஒரு தூணைக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் இவர்களுக்கு இடம் தெரிகிறது."

1974-இல் அரசரை இறக்கிவிட்டு ராணுவம் ஆட்சிக்கு வந்தது. அப்பா ஒரு கறுப்பு மண் காப்பிக் கூஜாவோடு ஊர் திரும்பினார். மறுபடி எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு.

அதற்குப் பிறகு ஆண்டுக்கொரு முறை ஏழாம் வகுப்பை பாண்டிக்கு அழைத்துப்போவது அவர் வழக்கமாயிற்று. திண்டிவனம் வழியாக பஸ். அவித்த மல்லாட்டை ஒரு பை நிறைய வரும், தோலை ஜன்னல் வழியாகப் போடக் கூடாது. கடற்கரைக்குப் போனதும் எல்லோரும் தூணைத் தொட வேண்டும். நான் தொட்ட வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெயில் பக்கம் சுட்டது. கடல் பக்கம் ஈரமாக இருந்தது, விரலை நாக்கில் வைத்தால் உப்பு. செதுக்கின இடங்களின் ஓரம் விரலுக்கு மழுங்கலாகத் தட்டுப்பட்டது.

அந்த வருஷம் ஒரு பையன் கேட்டான். "சார், நம்ம தூணத் திருப்பிக் கேக்கக் கூடாதா?"

"கேக்கலாம்டா. கொண்டாந்தா எங்க வைப்ப?"

பையன் முழித்தான். நாங்கள் எல்லோரும்தான் முழித்தோம். செஞ்சியிலேயே பிறந்து, ராஜகிரி மலையில் ஏறி இறங்கி விளையாடினவர்கள். மறுவாரம் சனிக்கிழமை அப்பா எங்களை வெங்கடரமணர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அளவு நாடா, சாக்பீஸ், ஒரு நீள நோட்டு. எந்த மண்டபத்தில் எத்தனை தூண் நிற்கிறது, எங்கே இடைவெளி பொருந்தவில்லை, எந்தக் கல்லில் மேலே ஏதோ உட்கார்ந்திருந்த தடம் இருக்கிறது என்று நாள் பூராவும் குனிந்து பார்த்தோம். இது கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, தொல்லியல் தெரிந்தவர்கள் செய்தால் இன்னும் ஒழுங்காக வரும். எங்களுக்கு அன்றுதான் எங்கள் ஊர் கண்ணில் பட்டது.

2005 ஏப்ரலில் அக்சும் தூண் மூன்று துண்டுகளாக விமானத்தில் ஊர் திரும்பியது. அப்பா ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகியிருந்தது. பேப்பரில் வந்த செய்தியை பூதக்கண்ணாடி வைத்து இரண்டு தடவை படித்தார். என்னிடம் நீட்டி, சத்தமாகப் படி என்று மூன்றாவது தடவையும் கேட்டார். வெறும் தரையைக் காட்டிய அந்தப் பையனுக்கு இப்போது 45 வயது இருக்கும் என்று கணக்குப் போட்டார். அதன் பழைய இடத்திலேயே நிறுத்திய தூணை 2008 செப்டம்பரில் திறந்துவைத்தார்கள். அப்பா அன்று கறுப்புக் கூஜாவை இறக்கித் தரச் சொல்லி, அதில் காப்பி போட்டு, தெருவில் யார் வந்தாலும் உட்காரவைத்துக் கொடுத்தார்.

அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துப் போய்விட்டார். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும் அதில் இருந்தது. எனக்கு உடனே சொல்ல வேண்டும் என்று தோன்றிய ஆள் அவர்தான். நீள நோட்டை எடுத்துப் பார்த்தேன்.

கோயில் வரைபடத்துக்கு எதிர்ப்பக்கம் பாண்டிக் கடற்கரை. எட்டு வட்டங்கள். ஏழு வட்டத்தின் பக்கத்திலும் சுற்றளவு, சிற்ப விவரம், எந்தப் பக்கம் உப்பு அதிகம் அரித்திருக்கிறது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. எட்டாவதன் பக்கத்தில் அளவு இல்லை. பென்சிலில் ஒரு குறிப்பு மட்டும்: 'ஒரு கிழவி இதன் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை.'