எக்ஸ் கதிர்ப்படத் தொழிற்கல்வி தோன்றிய வரலாறு

திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, மூதூர்ப் பகுதியின் வயல்வெளிகளுக்கு நடுவே அமைந்த ஊர் கிளிவெட்டி. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்குமிடமும் இப்பகுதியிலேயே உளது. ஆறும் கடலும் இவ்வூர்களுக்கு வளத்தைக் கொடுத்தன. ஆயின் வழியை மறித்தன. தரைமார்க்கமாகத் திருகோணமலை செல்வோர் ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளிற் பாதையேறிக் கடக்க வேண்டியிருந்தது. அல்லாதார் மூதூரிலிருந்து படகிலேறிக் குடாவைத் தாண்டினர். கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009ஆம் ஆண்டிலேயே. அதற்கு முன், வரம்பில் வழுக்கி வீழ்ந்து முன்கை முறிந்த உழவன் ஒருவன் நகர வைத்தியசாலையில் எக்ஸ் கதிர்ப்படம் எடுப்பித்து மீள்வதென்றால், அது எளிதான காரியமன்று. அவ்வளவு பாடுபட்டு எடுப்பித்த படம் மங்கலாக அமைந்துவிடின், அல்லது முறிவு மறையும் பக்கத்தை மட்டும் காட்டி நின்றுவிடின், அவனுக்கு நேரும் இழப்பு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கோணிப் பொருந்திய எலும்பு ஆயுள் முழுவதும் கோணியே இருக்கும்.

படத்தின் தரம் பொறியின் விலையை மட்டும் பொறுத்ததன்று. படத்தைக் கண்டு நோயைத் துணியும் வைத்தியரின் புலமையாலும் அது திருந்திவிடாது. பொறிக்கும் வைத்தியருக்கும் இடையே நிற்கும் மூன்றாமவர் ஒருவர் உளர். நோயாளியை உரிய நிலையில் இருத்தி, கதிரின் வன்மையையும் அளவையும் தீர்மானித்துப் படத்தை எடுப்பவர் அவரே. கதிர்ப்படப்பிடிப்பாளர் எனப்படும் அவருக்கு விஞ்ஞான வரலாற்று நூல்கள் ஒதுக்கிய இடம் மிகச் சிறிது. கதிரைக் கண்டவர் பெயரைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். கதிரைக் கையாளும் கல்வி எவ்வாறு பிறந்ததென்பதைக் கற்றோரும் அறிந்திலர். பொறி 1896இலேயே உலகெங்கும் பரவிற்று. கல்வியோ ஏறத்தாழ இருபதாண்டு பிந்தியே வந்தது. அவ்விடைக்காலத்தின் விலையைக் கொடுத்தவர்கள் தங்கள் உடம்பாற் கொடுத்தனர்.

ஜேர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரப் பேராசிரியர் வில்லெம் றொண்ட்கன் 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இக்கதிரைக் கண்டார். அவ்வாண்டின் இறுதியில் உலகிற்கு அறிவித்தார். காப்புரிமை எதனையும் அவர் வேண்டாமையால், வெற்றிடக் குழாயும் மின்சுருளும் வைத்திருந்த எவரும் மறுமாதமே படம் எடுக்கத் தொடங்கினர். நிழற்படக்காரரும் மின்வினைஞரும் மருந்து விற்போரும் இத்தொழிலிற் புகுந்தனர். கற்பிப்பார் எவருமிலர், அஞ்ச வேண்டிய பொருள் இதுவென எச்சரிப்பாருமிலர்.

சான்பிரான்சிஸ்கோ நகரிற் கணக்கெழுதும் வேலை பார்த்து வந்த எலிசபெத் பிளைஷ்மன் என்னும் பெண்மணி, சில மாதம் மின்னியல் பயின்று, தாமாகவே ஒரு கதிர்ப்படக்கூடம் அமைத்தார். ஸ்பானிய அமெரிக்கப் போரிற் புண்பட்டு மீண்ட வீரரின் உடலில் தங்கிய குண்டுகளை அவர் எடுத்த படங்கள் தெளிவாகக் காட்டின. இராணுவ வைத்தியர் அவற்றைப் பெரிதும் போற்றினர். கதிர் நோயாளிக்குத் தீங்கு செய்யாதென்பதை மெய்ப்பிக்கத் தம் கையையே கதிரின்முன் நீட்டிக் காட்டுவது அக்காலத்தார் வழக்கம். பிளைஷ்மன் அம்மையாரின் கையிற் புற்று தோன்றிற்று. 1905ஆம் ஆண்டு கை துண்டிக்கப்பட்டது; அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அதற்கு முந்திய ஆண்டில் இரு கைகளையும் இழந்து மாண்டிருந்தார். பிற்காலத்தில் 1936இல் ஹம்பேர்க் நகரில் இக்கதிரால் உயிர்துறந்தோர்க்கு எழுப்பிய நினைவுத்தூணில் நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பெற்றன.

இவர்கள் கையை நீட்டியது அறியாமையால் மட்டும் அன்று. அக்காலக் குழாயின் இயல்பும் அதற்கு ஒரு காரணம். குழாயினுள்ளே எஞ்சிநின்ற சிறிதளவு வாயுவைக்கொண்டே கதிர் உண்டாக்கப்பட்டது. பயன்படுத்தப் பயன்படுத்த அவ்வாயு குறையும். கதிரின் ஊடுருவும் வன்மை மாறும். காலையில் மென்மையாயிருந்த குழாய் மாலையில் வன்மையாகிவிடும். ஒரு குழாயிற் கற்ற பழக்கம் மற்றொரு குழாய்க்கு உதவாது. ஆதலின் ஒளிரும் திரைக்கும் குழாய்க்கும் இடையே தம் கையைப் பிடித்து, எலும்பின் நிழல் எவ்வாறு விழுகின்றதெனப் பார்த்து, குழாயின் அன்றைய குணத்தை அறிந்தனர். குணம் மாறிக்கொண்டேயிருக்கும் பொருளைப் பற்றி எவர் எவருக்குப் பாடஞ் சொல்வது? அது பழக்கமாக இருந்ததேயன்றிக் கல்வியாகவில்லை.

1913ஆம் ஆண்டில் அமெரிக்கரான வில்லியம் கூலிட்ஜ் வெப்பமூட்டிய தங்குதன் இழையையுடைய புதுக்குழாயை ஆக்கினார். இழையின் வெப்பம் கதிரின் அளவை ஆண்டது. மின்னழுத்தம் கதிரின் வன்மையை ஆண்டது. இரண்டையும் வேறு வேறாகக் கூட்டவும் குறைக்கவும் இயன்றது. மணிக்கட்டுக்கு இவ்வளவு, இடுப்பெலும்புக்கு இவ்வளவு என அட்டவணை எழுதலாம்; இன்று எழுதியது நாளையும் பலிக்கும். கதிர்ப்படக் கல்வியின் கருவறை இக்குழாயே எனில் மிகையன்று. வைத்தியத்துறையில் இதனைப் பெரும்பாலும் படத்தின் தெளிவுக்காகவே புகழ்வர். மாணாக்கன் ஒருவனுக்குக் கற்பிக்கத்தக்க விதியைத் தந்ததே அதனினும் பெரிய பேறாகும்.

விதி கிடைத்த மறு ஆண்டே அதனைக் கற்பிக்க வேண்டிய நெருக்கடியும் வந்தது. 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டபோது பிரெஞ்சுப் போர்முனை வைத்தியசாலைகளிற் கதிர்ப்பொறி அரிது. இருமுறை நோபல் பரிசு பெற்ற மேரி கியூரி அம்மையார் ஆய்வுக்கூடத்தை விடுத்து, செல்வரிடம் மோட்டார் வண்டிகளை இரந்து பெற்று, வண்டியின் இயந்திரத்தாலேயே மின்சாரம் பிறப்பித்துப் படமெடுக்கும் ஊர்திகளை அமைத்தார். உடற்கூற்றியலையும் வண்டி ஓட்டுதலையும் தாமே பயின்றார். வண்டிகள் சேர்ந்தன, அவற்றை இயக்குவாரே போதவில்லை.

ஆகவே 1916ஆம் ஆண்டு பாரிசிற் பெண்களுக்கென ஒரு பயிற்சி வகுப்பு தொடங்கப்பட்டது. போர் முடியுமுன் ஏறத்தாழ 150 பெண்கள் அங்குப் பயின்று வெளிச்சென்றனர். மின்னியலும் கதிரின் இயல்பும் உடற்கூறும் ஏட்டுப்பாடங்கள். பொறியை இணைத்தலும் படம் எடுத்துக் கழுவுதலும் கைப்பாடங்கள். வந்தவர்களில் உயர்குலச் செல்வியரும் இருந்தனர். வீட்டுவேலை செய்து வந்தவரும் இருந்தனர். கணிதத்தில் அடிப்படை அறிவே பலருக்கு இல்லை. ஆசிரியர்களுள் ஒருவர் கியூரி அம்மையாரின் மகள் ஐரீன். அப்போது அவருக்கு அகவை பத்தொன்பது. பல்கலைக்கழகப் பட்டமில்லாதார்க்கு இவ்வறிவு எட்டாது எனக் கருதியோரின் எண்ணம் அவ்வகுப்பிலேயே பொய்த்தது. குறுகிய காலத்தில், செய்கையோடு சேர்த்துக் கற்பித்தால், எவரும் கற்பர் என்பது போர்க்களத்திலேயே மெய்ப்பிக்கப்பட்டது. ஆயினும் தற்காப்புப் பற்றிய பாடம் அன்று போதியதாயில்லை. தாய் 1934இலும் மகள் 1956இலும் குருதி நோயால் மறைந்தனர். கதிரோடு வாழ்ந்த வாழ்வே அதற்குக் காரணமென்பர்.

போருக்குப்பின் தொழில் அமைப்புப் பெற்றது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் 1920ஆம் ஆண்டிலேயே கதிர்ப்படப்பிடிப்பாளர் சங்கங்கள் எழுந்தன. அமெரிக்காவில் எட் ஜேர்மன் என்பார் ஊரூராகச் சென்று பாடஞ் சொல்லியும், தேர்வுமுறை ஒன்றை நிறுவியும் அத்தொழிலின் தந்தையெனப் பெயர் பெற்றார். அங்குப் பயிற்சி நெடுங்காலம் வைத்தியசாலைகளுக்குள்ளேயே நடந்தது. பின்னர் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகள் அதனை ஏற்றன. உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே சென்று கற்கும் வாய்ப்பு அதனாற் பெருகிற்று.

தமிழகத்தில் இத்துறைக்குத் தனிநிலையம் கண்டது சென்னை. 1934ஆம் ஆண்டு அங்குள்ள அரசினர் பொது மருத்துவமனையிற் பார்னார்ட் கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. இலங்கையிற் கொழும்புத் தேசிய வைத்தியசாலையைச் சார்ந்த பயிற்சிக் கல்லூரியும், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடமும் இக்கல்வியைத் தருகின்றன. கிளிவெட்டியிலிருந்து இவ்விரண்டும் தொலைவே. விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் தேறிய மாணாக்கனோ மாணாக்கியோ ஊரையும் விட்டு, பயின்ற மொழியையும் விட்டுச் செல்லல் வேண்டும். பள்ளியிற் பௌதிகத்தைத் தமிழிற் பயின்றவர் அங்கே அதனை ஆங்கிலத்தில் மீண்டும் சந்திக்கின்றனர். இது தவிர்க்கவொண்ணாதது என்பர் சிலர். ஆயினும் மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1864ஆம் ஆண்டு முதல் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறும் இரணவைத்தியமும் தமிழ் நூல்களாயின. றொண்ட்கன் தம் கதிரைக் காண்பதற்கு முப்பதாண்டுக்கு முன்னர் நிகழ்ந்தது அது.

மொழி பற்றிய இவ்வினா வகுப்பறையோடு நிற்பதன்று. நெஞ்சுப்படம் எடுக்குங்கால், இதயம் பருத்துத் தோன்றாதவாறு குழாயை ஆறடி தள்ளி நிறுத்தல் வேண்டும். தோட்பட்டை எலும்பு நுரையீரலை மறையாதவாறு தோள்களை முன்னே தள்ளச் செய்தல் வேண்டும். இவை இரண்டும் கையாற் செய்யத்தக்கவை. மூன்றாவதைச் சொல்லால் மட்டுமே செய்விக்கலாம். மூச்சை நன்றாக உள்ளே இழுத்து அசையாமல் அடக்கும்படி நோயாளிக்குச் சொல்லல் வேண்டும். அச்சொல் விளங்காதாயின் நுரையீரல் முழுதும் விரியாது, படம் கலங்கும், இரண்டாம் முறையும் அவ்வுடம்பிற் கதிர் பாய்ச்ச நேரும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் கொட்டியாரப் பகுதி நோயாளர் வந்து நிற்கும் திருகோணமலை வைத்தியசாலையில், அவ்வொரு கட்டளையைத் தமிழிலும் சிங்களத்திலும் பிசகின்றிச் சொல்லப் பழகுதலும் அத்தொழிற்கல்வியின் பாடங்களுள் ஒன்றாகும்.