சிங்கப்பூரில் 10 கோழி

என் சித்தப்பா சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் கணக்கெழுதியவர். அந்தக் காலத்தில் கம்பத்து வீடுகளில் கோழி மேயாத முற்றமே கிடையாது என்பார். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வந்தது. கம்பங்கள் ஒவ்வொன்றாகப் போய் அடுக்குமாடிகள் எழுந்தன. மனிதர்கள் மாடியேறினார்கள்; கோழிக்கு அனுமதியில்லை.

இன்றும் கழக வீடுகளில் கோழி கூடாது. தனி வீட்டுக்காரர் விற்பனைக்கு இல்லாமல் 10 வரை வளர்க்கலாம். வெளிப்பறவை நுழையாதபடி கூண்டு அடைத்திருக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் பயந்தான். அது வீண் பயமும் இல்லை. 2006இல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் அந்நோய் வந்தபோது, இங்கே நாமக்கல் முட்டை விலை விழுந்தது நினைவிருக்கும்.

2017 தொடக்கத்தில் சின் மிங் அவென்யூவில் தெருவில் திரிந்த 24 கோழிகளை அதிகாரிகள் பிடித்துக் கொன்றார்கள். கூவல் தொல்லை என்று சுமார் 20 பேர் புகார் செய்திருந்தார்கள். ஊரே கொதித்தது, நாடாளுமன்றத்தில் பதில் சொல்லவேண்டி வந்தது. கொதித்தவர்களில் கம்பத்தில் பிறந்த கிழவர்களும் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

நம் அரசோ ஏழைப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சுகளை இலவசமாகவே கொடுத்திருக்கிறது. தேவகோட்டையில் ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீடுகள் உண்டு. பின்கட்டில் 10 கோழி தாராளமாக மேயும். அவற்றைப் பிரித்து மாடி கட்டிய தெருக்களில்தான் சேவல்மேல் புகார் வருகிறது. 'பெட்டையை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமே' என்கிறாள் என் மனைவி. சேவல் இல்லாமல் குஞ்சுக்கு எங்கே போவது?