விறகுக் காடும் செப்டிக் டேங்க் கசடும்

மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் ஆங்காங்கே சவுக்குத் தோப்பு நிற்கும். பல்லவர் காலத்து மரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. நிலக்கரி கப்பலில் வரவேண்டும், விலையும் அதிகம். அதனால் இன்ஜினுக்கு விறகு தேடினார்கள். 1860களில் சென்னை மாகாணத்தின் கடலோர மணலில் சவுக்கைப் பெரிய அளவில் நட்டதற்கு முக்கியக் காரணம் இதுதான். நகரத்து அடுப்புகளுக்கும் அதே விறகுதான் போனது. இன்று "உயிரி எரிபொருள் பயிர்" என்று புதிதாகப் பேசுகிறார்களே, அது இங்கே அப்போதே வந்துவிட்டது!

எரிபொருள் பயிர் பழசு என்றால், அதற்கு உரமாகக்கூடிய சரக்கும் பழசுதான். ஆனால் அதை ஒழுங்காகக் கையாளத் தொடங்கியது ரொம்பத் தாமதமாக. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் செப்டிக் டேங்க் கசடை லாரி உறிஞ்சிக்கொண்டு போய் ஏரியிலோ ஓடையிலோ கொட்டிவிட்டு வரும். 2014-ல்தான் தமிழக அரசு இதற்கு வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தது. 2017-ல் மதுராந்தகம் பக்கத்துக் கருங்குழியில் மாநிலத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. அங்கே படுகைகளில் நீர் வடிந்துவிடும். மிஞ்சும் கசடு வெயிலில் காயும்.

காய்ந்ததைக் கீரைக்குப் போடுவதைவிடச் சவுக்குக்குப் போடுவது நல்லது. குடற்புழு முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். விறகை யாரும் பச்சையாகத் தின்பதில்லை. ஆனாலும் எருவைத் தொட்டு இறைக்கிற கூலிக்காரருக்கு ஆபத்து குறையாது. கையுறை, பூட்ஸ் இல்லாமல் அவரை இறக்கிவிட்டு இதற்குப் "பசுமை" என்று பெயர் வைத்தால் அது மோசடி.

சவுக்கு தன் வேர்முடிச்சில் இருக்கும் ஃபிராங்கியா நுண்ணுயிரை வைத்துத் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். மணலில் அதற்குக் குறைவது மணிச்சத்தும் மக்கும். கசடில் இரண்டும் உண்டு. சிக்கலும் அதே மணல்தான். அளவு மீறிப் போட்டால் நைட்ரேட் சரசரவென்று இறங்கிக் குடிநீர்க் கிணற்றுக்கே போய்ச் சேரும்.

ஸ்வீடனில் என்ஷோப்பிங் என்ற ஊரில் 2000-லிருந்து, கசடிலிருந்து பிரித்த சத்து நீரை ஏறத்தாழ 80 ஹெக்டேர் வில்லோ தோட்டத்துக்குப் பாய்ச்சினார்கள். மரத்தை வெட்டி ஊரின் அனல், மின் நிலையத்திலேயே எரித்தார்கள். அங்கே தோட்டமும் கொதிகலனும் பக்கத்திலேயே இருந்தன. கருங்குழியோ கடலோரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. லாரி வாடகையை யார் கொடுப்பது? ஈரக் கசடை ஏற்றினால் வாடகையில் பாதிக்கு மேல் தண்ணீருக்கே போய்விடும்.