மூணு புள்ளிக்குப் பின்னாடி ஒரு கதை

போன வாரம் ஒரு புராஜெக்டுக்காக சி மொழியில ஒரு குட்டி லாக் ஃபங்ஷன் எழுதினேன். எத்தனை ஆர்க்யுமெண்ட் வந்தாலும் வாங்கி அப்படியே பிரிண்ட்எஃப் கையில கொடுக்கணும், அவ்ளோதான். திரையில வந்ததெல்லாம் குப்பை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏன்னு தோண்டப் போய், 1970களுக்கே போயிட்டேன் :-)

பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய அந்தக் கால சி-யில், எத்தனை ஆர்க்யுமெண்ட் அனுப்புறோம்னு கம்பைலர் சரிபார்க்காது. பிடிபி-11 கணினியில் அவை ஸ்டாக்கில் வரிசையா உக்காந்திருக்கும். முதலாவதோட முகவரி தெரிஞ்சா போதும், அடுத்தடுத்து நடந்து போயிடலாம். எங்கே நிறுத்துறது? ஃபார்மட் வரியில் இருக்கிற சதவீதக் குறிகளை நம்பித்தான் பிரிண்ட்எஃப் நடக்கும். பந்திக்குப் பத்து பேர்னு சீட்டு வந்தா, ஆறு பேர்தான் உக்காந்திருந்தாலும் பத்து இலைக்கும் ஊத்திக்கிட்டே போற ஆள் அது.

எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க 1975-இன் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் என்ஆர்க்ஸ்னு ஒரு ஃபங்ஷன் இருந்தது. கூப்பிட்ட இடத்துக்கு அடுத்த மெஷின் கட்டளையை எட்டிப் பார்த்து, ஸ்டாக்கிலிருந்து எவ்வளவு கழிக்கப் போறாங்கன்னு ஊகிக்கும். திருட்டு முழி முழிக்கிற தந்திரம்! கட்டளைக்கும் தரவுக்கும் தனித்தனி நினைவகம் வச்ச புரோகிராம்ல அது வேலை செய்யாது.

சோம்பேறித்தனம்னு திட்டலாம்தான். ஆனா பாஸ்கல் மொழியில் ரைட்எல்என் எத்தனை வேணா வாங்கும், நாம அப்படி ஒண்ணு எழுத முடியாது. அது கம்பைலரோட செல்லப் பிள்ளை. சி-யில் பிரிண்ட்எஃப் ஒரு சாதாரண லைப்ரரி ஃபங்ஷன். எனக்கு இந்தப் பேரம் பிடிச்சிருக்கு.

ஆர்க்யுமெண்ட்டை ரெஜிஸ்டரில் அனுப்புற கணினிகள் வந்ததும் இந்த நடை தடுக்கி விழுந்தது. அதை மறைக்க முதலில் வார்ஆர்க்ஸ் மேக்ரோக்கள். 1989-இன் ஆன்ஸி தரத்தில் எஸ்டிடிஆர்க். சி++ மொழியிலிருந்து இரவல் வாங்கின மூணு புள்ளியும் (...) அப்போதான் தரத்துக்குள்ள வந்தது. எண்ணிக்கையை மட்டும் யாரும் சொல்லித் தரலை.

அந்த ஓட்டை 2000-இல் பல்லிளிச்சது. டபிள்யூயூ-எஃப்டிபிடி சர்வரில், வெளியாள் அனுப்பின வரியே ஃபார்மட் வரியா போய்ச் சேர்ந்தது. சதவீதக் குறியோட 'என்' சேர்த்தா பிரிண்ட்எஃப் நினைவகத்தில் எழுதவும் செய்யும். அது போதும், சர்வரே அடுத்தவன் கையில. 2024-இல் வெளியான சி23 தரத்தில் மூணு புள்ளிக்கு முன்னாடி பேர் வச்ச ஆர்க்யுமெண்ட்கூட வேண்டாம்னுட்டாங்க. எண்ணிக்கை? இப்பவும் இல்லை.

என் லாக் விஷயம்: மூணு புள்ளியில் வந்ததை வி.ஏ.-லிஸ்ட் ஆக்கின பிறகு பிரிண்ட்எஃப்கிட்ட கொடுக்கக் கூடாதாம், அது அந்த லிஸ்ட்டையே ஒரு ஆர்க்யுமெண்ட்டா நினைச்சுக்கும். அதை வாங்கிக்கத்தான் 1989 தரத்தில் விபிரிண்ட்எஃப் இருக்கு. முன்னாடி ஒரு 'வி' சேர்த்தேன். ஓடிடுச்சு. மணி அப்போ நாலரை.