மின் நிலையப் பொறியாளர் (மலாக்கா)

மின் உற்பத்தி நிலையத்தின் இயக்கம், பராமரிப்பு, பாதுகாப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்கும் தொழில்நுட்ப வல்லுநர். இயந்திரவியல், மின்னியல், கருவியியல்-கட்டுப்பாடு ஆகியவை முதன்மைப் பிரிவுகள். இயக்கப் பிரிவினர் இரவு பகலாக ஷிப்டு முறையில் பணிபுரிவர்.

மலாக்கா மாநிலத்தில் தெலுக் கோங், தஞ்சோங் கிளிங் ஆகிய இடங்களில் எரிவாயு மின் நிலையங்கள் எழுந்தன. அலோர் காஜா மாவட்டத்தில் 2022-இல் இயங்கத் தொடங்கிய எட்ரா நிலையம் 2,242 மெகாவாட் திறனுடையது. இது கூட்டுச் சுழற்சி முறையைச் சார்ந்தது: எரிவாயு டர்பைன் வெளிவிடும் சுடுவாயு, கொதிகலனில் நீரை ஆவியாக்கி நீராவி டர்பைனையும் சுழற்றுகிறது.

பணியின் மிக நுட்பமான கட்டம், மின்னாக்கியை நாட்டின் மின்கட்டமைப்புடன் இணைப்பதாகும். மின்னழுத்தம், 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண், அலைக்கட்டம் மூன்றும் பொருந்த வேண்டும். இப்பொருத்தத்தைக் காட்டும் சின்க்ரோஸ்கோப் கருவியின் முள் மெல்லச் சுழன்று உச்சியை எட்டும் கணத்தில், இணைப்பை ஏற்படுத்தும் பிரேக்கர் மூடப்படும். பிசகினால் சுழல்தண்டே சேதமடையக்கூடும். தானியங்கிக் கருவிகள் இதைச் செய்யும் இக்காலத்திலும், பொறியாளர் இதைக் கைவசமாக்கியிருப்பது இன்றியமையாதது.

ஆயர் குரோவை ஒட்டிய மல்டிமீடியா பல்கலைக்கழக வளாகமும், டுரியான் துங்கலிலுள்ள மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இத்துறைக்கான பொறியியல் பட்டங்களை வழங்குகின்றன. பட்டதாரிகள் 1967-ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்தின் கீழ் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெறுகின்றனர்.