‘முன்னிற்கும் சுரப்பி’: ஓர் உடற்கூற்றுச் சொல்லின் வரலாறு

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயின் தொடக்கப் பகுதியைச் சூழ்ந்து அமைந்துள்ளது புரோஸ்டேட் சுரப்பி. இப்பெயரின் மூலம் ‘புரோஸ்டாட்டேஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லாகும். முன்னிற்பவர், தலைவர், காப்பாளர் என்பன அதன் பொருள்கள். பண்டைய ஏதென்சில் குடியேறி வாழ்ந்த அயலார்க்குப் பொறுப்பேற்ற குடிமகனையும் அச்சொல் குறித்தது.

16ஆம் நூற்றாண்டில் இவ்வுறுப்பை விவரித்த ஐரோப்பிய உடற்கூற்றறிஞர்கள் ‘சுரப்பித்தன்மையுள்ள உடல்’ என்றே அதனைச் சுட்டினர். 1600இல் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே து லோரான் கிரேக்க உருவகப் பெயரை வழக்கிற்குக் கொணர்ந்தார். அதனோடு இரு பிழைகளும் புகுந்தன. உறுப்பு இரட்டை எனக் கருதப்பட்டமையால் பெயர் பன்மையில் வழங்கிற்று. கிரேக்கத்தில் ஆண்பாலான சொல் இலத்தீனில் பெண்பாலாயிற்று. முதற்பிழை 19ஆம் நூற்றாண்டில் நீங்கியது. இரண்டாவதோ, 1895ஆம் ஆண்டின் பேசல் உடற்கூற்றுப் பெயர்ப்பட்டியலில் ‘புரோஸ்டாட்டா’ என நிலைபெற்று இன்றும் தொடர்கிறது.

இந்திய மொழிகள் இச்சொல்லை மூன்று வழிகளில் ஏற்றன. முதலாவது, இடம் பற்றிய பெயர். இந்தியில் ‘புரஸ்த கிரந்தி’, தமிழில் ‘முன்னிற்கும் சுரப்பி’ என்பன இவ்வகையின. இந்திச் சொல்லிலுள்ள ‘ஸ்த’வும் கிரேக்கச் சொல்லின் நிற்றற்பொருள் வேரும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தின என்பது குறிப்பிடத்தக்கது. இரண்டாவது, பண்பு பற்றிய பெயர்: இந்தியில் ‘பௌருஷ கிரந்தி’, தமிழில் ‘ஆண்மைச் சுரப்பி’. மூன்றாவது, ஒலிபெயர்ப்பு.

இவற்றுள் இரண்டாவதே ஆய்வுக்குரியது. ஆண்மைக்குரிய இயக்குநீர் பெரும்பாலும் விரைகளில் சுரக்கிறது. இச்சுரப்பி தருவது விந்துநீரின் ஒரு பகுதியை மட்டுமே. முதுமையில் இது பருத்தால், நோயாளி முதலில் உணர்வது சிறுநீர்த் தடையே. அவரிடம் ‘ஆண்மைச் சுரப்பியை அகற்றவேண்டும்’ என்று கூறினால், ஆண்மையே அகற்றப்படுவதாக அவர் கொள்ளக்கூடும். தேவையான மருத்துவத்திற்கு இசையவும் தயங்கலாம். அறுவை மருத்துவத்தால் பாலியல் செயற்பாடு பாதிக்கப்படலாம் என்பது உண்மையே. எனினும் அதனை மருத்துவர் விளக்கிக் கூறவேண்டும். உறுப்பின் பெயரே முன்கூட்டித் தீர்ப்பளித்துவிடலாகாது.

‘விந்துச் சுரப்பி’ என்பதும் ஏற்றதன்று. அது விரையையும் விந்துப்பையையும் நினைவூட்டி மயக்கம் தரும்.

எனவே பாடநூல்களில் ‘முன்னிற்கும் சுரப்பி’ என்பதும், ஒப்புதல் படிவங்களில் இடவிளக்கத்துடன் ‘புரோஸ்டேட்’ என்பதும் பொருந்தும் எனலாம். கிரேக்கப் பெயரின் பால்பிழை நானூறு ஆண்டுகளாக எந்த நோயாளியையும் குழப்பவில்லை. பொருளில் நேரும் பிழை அத்தகையதன்று. கலைச்சொல்லாக்கத்தில் கருதற்பாலது இவ்வேறுபாடே.