யூபாலின் நாகசுரம்

ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தில் யூபால் என்று ஒருவன் வருகிறான். நம் பழைய தமிழ் வேதாகமம் அவனைக் கின்னரக்காரருக்கும் நாகசுரக்காரருக்கும் தகப்பன் என்கிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்திலோ நாகசுரம் நிற்கும் இடத்தில் ‘ஆர்கன்’ நிற்கிறது. எபிரேய மூலத்தின் ‘ஊகாப்’ ஏதோ ஓர் ஊதுகருவி. அதை லத்தீன்காரர் ‘ஓர்கனும்’ ஆக்க, அந்தச் சொல்லே ஆங்கிலம்வரை வந்தது. தமிழ்க்காரர் தம் ஊர்க் காதால் கேட்டு எழுதினார். எனக்கு அவர் கட்சிதான் பிடிக்கிறது.

லத்தீனுக்கு இந்தச் சொல்லைத் தந்தது கிரேக்கம். அங்கே ‘எர்கோன்’ என்றால் வேலை. வேலைக்கு உதவுவது ‘ஓர்கனோன்’. உளியும் ஓர்கனோன், கண்ணும் ஓர்கனோன், யாழும் ஓர்கனோன். நமக்கு இதில் வியப்பில்லை. மண்வெட்டியும் கருவி, மத்தளமும் தோற்கருவி. இயந்திரத்தைப் பொறி என்கிறோம். கண், காது, மூக்கையும் ஐம்பொறியில் சேர்க்கிறோம். ஓர்கனோனுக்கு இவ்விரண்டு சொற்களைவிட நல்ல உரை கிடையாது.

ஆனால் இன்று ஆர்கன் எனப்படும் கருவிக்குப் பிறந்தபோது வைத்த பெயர் வேறு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் க்தெசிபியோஸ் என்பவர் செய்ததை ‘ஹைட்ராலிஸ்’ என்றார்கள், அதாவது நீர்க்குழல். தண்ணீரின் எடைதான் குழல்களுக்குப் போகும் காற்றை ஏறாமல் இறங்காமல் அழுத்திவைத்தது. பிறகு துருத்தி வந்தது. தண்ணீர் போனதும் நீர்ப்பெயரும் போயிற்று. ‘கருவி’ என்ற பொதுப்பெயரே அதற்கு நிலைத்தது. 757இல் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் பிராங்கு மன்னர் பெப்பினுக்கு ஒன்றைப் பரிசாக அனுப்பினார். பிராங்கு அரச ஆண்டேடு அதை ‘ஓர்கனும்’ என்றே குறிக்கிறது. அன்று அது அரசவைப் பொருள். தேவாலயத்துக்குள் பிறகுதான் நுழைந்தது.

தேவாலயம் மூடினால் ஆர்கன் என்னாகும்? பாஸ்டனின் ஹூக் சகோதரர்கள் 1870இல் மாசசூசெட்ஸின் வோபர்ன் நகர யூனிடேரியன் தேவாலயத்துக்குச் செய்த ஆர்கன், 2001இல் பெர்லின் குரோய்ட்ஸ்பெர்க்கில் திருச்சிலுவை ஆலயத்தில் மறுபடி ஒலித்தது. பாவுட்சன் ஊரின் ஒய்லே பட்டறை அதைப் புதுப்பித்தது.

இத்தகைய வேலையில் முதலில் பழுதாகிக் கிடப்பது தோல். துருத்தியின் மடிப்புகளில் அது வெடித்து, விரல் பட்டால் பொடியாக உதிரும். புதுத்தோலை ஒட்ட நல்ல பட்டறைகள் நம் தச்சர்கள் சொல்லும் வச்சிரப் பசையைத்தான் காய்ச்சுகின்றன. சூடும் ஈரமும் காட்டினால் அது விட்டுக்கொடுக்கும்; நூறாண்டு கழித்து வருபவர் மரத்தைக் கீறாமல் பிரிக்கலாம். ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழல்களிடம் இன்னும் பொறுமை வேண்டும். புதிய ஆலயத்தின் எதிரொலி வேறாக இருக்கிறதே என்று குழலின் வாயை ஒரு மயிரிழை உயர்த்தி வெட்டினாலும் பழைய குரல் திரும்பாது. அப்படி வெட்டுவதைப் புதுப்பித்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் காற்றழுத்தம் பார்ப்பார்கள். வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் குழல் நிற்கும் துளையில் செருகுவார்கள். காற்று தள்ள, மறுபக்கம் தண்ணீர் ஏறும். இரு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. 1870ஐ ஒட்டிய காலத்து ஆர்கன்களில் பெரும்பாலும் மூன்று அங்குலத்தை ஒட்டி வரும். க்தெசிபியோஸின் தண்ணீர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அது ஆடாமல் நின்ற பிறகே முதல் குழலை எடுத்துத் துளையில் நிறுத்துவார்கள்.